தட்டினால் விட வேண்டும்

ஜூடோ கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்கு வந்த அன்றைக்கே யாரையாவது தூக்கி எறிந்துவிட வேண்டும். மாஸ்டர் விடமாட்டாள். முதலில் விழக் கற்றுக்கொடுப்பாள், அடுத்துத் தட்டக் கற்றுக்கொடுப்பாள். பிடி தாங்க முடியவில்லை என்றால், மூச்சு முட்டினால், மூட்டு வலித்தால், உள்ளங்கையால் மெத்தையிலோ பிடித்திருப்பவரின் முதுகிலோ இரண்டு முறை தட்ட வேண்டும். தட்டியதும் பிடித்தவர் விட்டுவிட வேண்டும். 'இன்னும் கொஞ்ச நேரம்', 'சும்மா நடிக்கிறாங்க' என்ற பேச்சுக்கே இடமில்லை. இதை அவள் எத்தனை மாலைகள் சலிக்காமல் சொன்னாளோ, அத்தனை மாலைகளும் சேர்ந்துதான் அவளுடைய அண்ணியின் மணிக்கட்டை உடைத்தன.

மாஸ்டர் என்றதும் மீசை வைத்த ஆஜானுபாகுவை எதிர்பார்த்துப் படியேறி வருகிறவர்கள் உண்டு. நாற்பதைத் தாண்டிய, குட்டையான ஒரு பெண் துடைப்பத்தோடு நிற்பதைப் பார்த்து, "மாஸ்டர் இல்லீங்களா?" என்று அவளிடமே கேட்பார்கள். "வருவாங்க. அதுக்குள்ள செருப்பைக் கழட்டிட்டு உட்காருங்க" என்பாள் அவள். பிறகு துடைப்பத்தை மூலையில் சாய்த்துவிட்டு, தொளதொளவென்ற வெள்ளை மேலாடையை மாட்டி, கறுப்பு இடுப்புப் பட்டையை இறுக்கிக்கொண்டு வந்து எதிரே நிற்பாள். அந்த ஒரு நிமிடம்தான் அவளுடைய நாளில் அவளுக்குக் கிடைக்கும் வேடிக்கை.

மற்றபடி நாள் முழுவதும் பாரம்தான். காலையிலிருந்து கூரியர் கிடங்கில் பெட்டிகளைத் தூக்கி ஊர்வாரியாகப் பிரித்து அடுக்குவது, மாலையில் மனிதர்களைத் தூக்குவது. உரலுக்கு ஒரு பக்கம் இடி, மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. வலது தோள் மழைக்காலத்தில் தனியாகப் பேசும். விரல் மூட்டுகளுக்குப் பிளாஸ்டர் சுற்றிச் சுற்றி, சுற்றாத விரல்கள் அவளுக்கே அந்நியமாகத் தெரிந்தன. கூடம் இருந்தது ஒரு டயர் கடைக்கு மேலே. ஜன்னலைத் திறந்தால் ரப்பர் வாடை, மூடினால் வியர்வை வாடை. மெத்தைகளுக்கு நடுவே இடைவெளி விழாமலிருக்க அகலமான டேப் ஒட்டியிருந்தாள். இவ்வளவையும் வைத்துக்கொண்டு ஏன் நடத்துகிறாய் என்று கேட்டால் அவளுக்குப் பதில் தெரியாது. தெரிந்தாலும் சொல்ல மூச்சிருக்காது.

அண்ணி வந்ததே கேலிக்குத்தான். "உங்க அண்ணனை மடக்க ஒரே ஒரு பிடி சொல்லிக்குடு, போதும். நான் ஒண்ணும் பட்டை வாங்க வரல" என்று சொல்லிக்கொண்டு வந்தவள், வருடங்கள் ஓடியும் போகவில்லை. மருந்துக்கடையில் காலையிலிருந்து நின்று நின்று கணுக்கால் வீங்கிப்போய் வருவாள். படியிலேயே புலம்பல் தொடங்கிவிடும். மெத்தை ஓரத்தில் குனிந்து வணங்கியதும் புலம்பல் நின்றுவிடும். அங்கே நாத்தனாரை "மாஸ்டர், நீங்க" என்பாள். கீழே இறங்கியதும் "ஏய், நீ". இதில் அவள் ஒருநாளும் தடுமாறியதில்லை.

நின்று மல்லுக்கட்டுவதில் அண்ணி சுமார்தான். ஆனால் கீழே விழுந்தவர்மேல் குறுக்கே படுத்துவிட்டால் அவ்வளவுதான், அசைக்க முடியாது. அவசரப்படமாட்டாள். எடையை எங்கே வைக்க வேண்டும் என்று அவள் உடம்புக்குத் தெரியும். ஒட்டகம் என்று எல்லோரும் அழைக்கும் நெட்டை ஆள் ஒருத்தன், கேபிள் இழுப்பவன், ஒருமுறை அவளிடம் மாட்டிக்கொண்டு தட்டிவிட்டு எழுந்து, "பீரோ மேல சாஞ்ச மாதிரி இருக்கு" என்றான். அன்றிலிருந்து அவள் 'பீரோ அக்கா' ஆனாள். அண்ணிக்கு அந்தப் பெயர் பிடித்திருந்தது. பட்டையைவிட அதைத்தான் பெருமையாகச் சொல்லிக்கொண்டாள்.

மணிக்கட்டு உடைந்த அன்று சாயங்காலம் மருந்துக்கடை முதலாளி சரக்கு எடுக்கப் போயிருந்தார். ஒருவன் வந்து தூக்க மாத்திரை கேட்டான். டாக்டர் சீட்டு இல்லாமல் தர முடியாது என்றாள் அண்ணி. அவன் கெஞ்சினான், பிறகு திட்டினான், பிறகு கவுன்ட்டரின் மடக்குப் பலகையைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்து அலமாரியை இழுத்தான். தடுக்கப் போனவளை நெஞ்சில் கைவைத்துத் தள்ளினான். அண்ணி அந்தக் கையைப் பிடித்தாள், ஒரு எட்டு வைத்தாள், காலை வாரினாள். ஆள் தரையில். அவள் அவன்மேல். பக்கத்துக் கடைக்காரர்களைக் கூப்பிட்டுக் கத்தினாள். அவனால் புரளக்கூட முடியவில்லை. இதுவரைக்கும் எல்லாம் பாடம் சொன்னபடியே நடந்தது.

மூச்சு முட்டியதோ, வெறியோ, அவன் உள்ளங்கை தரையில் 'தட், தட்' என்று அடித்தது. அண்ணி விட்டுவிட்டாள்.

யோசித்து விடவில்லை. யோசித்திருந்தால் விட்டிருக்கவே மாட்டாள். சத்தம் கேட்டதும் கை தானாகக் கழன்றது. அவன் எழுந்தான், அவளுடைய இடது கையைப் பின்னால் முறுக்கி அவளைக் குப்புறத் தள்ளினான். எலும்பு முறிந்த பிறகுதான் போனான். ஒரு மாத்திரைகூட எடுக்கவில்லை. பக்கத்துக் கடைக்காரர்கள் வந்தபோது தரையில் அண்ணி மட்டும்தான் இருந்தாள்.

மறுநாள் மாஸ்டர் அண்ணன் வீட்டுக்குப் போனாள். அண்ணன் பஸ் ஓட்டுபவன். அன்று விடுப்புப் போட்டுவிட்டு வாசலுக்கும் சமையலறைக்கும் நடுவே நடந்துகொண்டிருந்தான். அண்ணி சோபாவில், மாவுக்கட்டுப் போட்ட கையைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு, அணைந்து கிடந்த டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வந்தவன் தட்டினா விட்டுடணும்னு எந்த ஊர்ல சொல்லிக்குடுக்கறாங்க?" என்றான் அண்ணன்.

"அது பழக்கம்ணா. அவங்க வேணும்னு விடல."

"பழக்கம்தான். யாரு பழக்கினது?"

அவள் கையிலிருந்த பழப் பையின் காதைத் திருகினாள்.

"தும்பை விட்டுட்டு வாலைப் பிடிக்கறதுன்னு சொல்வாங்க. இவ தும்பைப் பிடிச்சுட்டா. நல்லாவே பிடிச்சுட்டா. விடுன்னு சொல்லிக்குடுத்தது நீ. இவளுக்கு ஒண்ணுமே தெரியாம இருந்திருந்தா ஓடியாவது போயிருப்பா. கை மிஞ்சியிருக்கும்."

அண்ணனிடம் அவளுக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் சொன்னதில் தப்பென்று பிடித்துக்கொள்ள ஒரு வார்த்தைகூட இல்லை. அண்ணி அவள் பக்கம் திரும்பவே இல்லை. வாசல் படியில் கால் வைத்ததுமே "சாப்பிட்டியா?" என்று கேட்கிறவள் அவள். அந்தக் கேள்வி வராத வீட்டில் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருப்பது என்று தெரியாமல், கொண்டுவந்த பழங்களை மேசையில் வைத்துவிட்டு எழுந்து வந்தாள். பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தும் அவள் உட்காரவில்லை. உட்கார்ந்தால் எழ முடியாது என்று தோன்றியது.

அடுத்த வகுப்பில் யாரும் உடை மாற்றவில்லை. விஷயம் அதற்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. ஊர் வாய்க்கு ஏது மூடி. ஒட்டகம்தான் ஆரம்பித்தான்.

"மாஸ்டர், தப்பா நினைக்காதீங்க. வெளியில ஒருத்தனைப் பிடிச்சா எனக்கும் இதேதானே நடக்கும்? எனக்கும் கை தானா விட்டுடுமே."

"ஆமா" என்றாள் மாஸ்டர்.

"அப்ப சட்டத்தை மாத்திடலாம். தட்டினாலும் விடாம இருக்கப் பழகுவோம்."

அவளுக்கு யோசிக்கவே தெம்பில்லை. அன்று கிடங்கில் இரண்டு பேர் வரவில்லை, அவர்கள் வேலையையும் சேர்த்துச் செய்துவிட்டு வந்திருந்தாள். அண்ணன் கேட்ட கேள்வி வேறு காதிலேயே இருந்தது. "சரி. இன்னைக்கு யார் தட்டினாலும் விடாதீங்க. நான் 'விடு'ன்னு சொன்னா மட்டும் விடுங்க" என்றாள். சொன்ன வாய் மூடுவதற்குள் அது கசந்தது. ஆனாலும் அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

கூடம் மாறியது. வழக்கமாக ஒருவர் காலை ஒருவர் வாரினால் சிரித்துக்கொண்டே விழுகிறவர்கள், விழ மறுத்தார்கள். கழுத்தை இறுக்கி, முழங்கையை விலாவோடு ஒட்டி, ஒருவரை ஒருவர் முட்ட வரும் மாட்டைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். தன் உடம்பை எதிராளி கையில் கொடுத்தால்தான் இந்த வித்தையைக் கற்கவே முடியும். அன்று யாரும் கொடுக்கவில்லை.

ஒட்டகத்துக்கு ஜோடியாகத் தையல்கார அம்மா வந்தாள். சீருடைகள் தைக்கும் கடை வைத்திருப்பவள், விளையாட்டுக்கென்று சேர்ந்து, விட மனமில்லாமல் வந்துகொண்டிருப்பவள். ஒட்டகம் அவள் வலது கையை மடக்கி முழங்கையில் பூட்டுப் போட்டான். அவள் தட்டினாள். அவன் விடாமல் மாஸ்டரைப் பார்த்தான். மாஸ்டர் அந்த நேரம் பார்த்து வாசலில் அண்ணி வழக்கமாகச் செருப்பு விடும் இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தையல்கார அம்மா மறுபடியும் தட்டினாள். பிறகு அவளிடமிருந்து ஒரு சின்னச் சத்தம் வந்தது.

"விடு" என்றாள் மாஸ்டர். குரல் உடைந்து வந்தது.

கைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் தையல்கார அம்மா எழுந்து, முழங்கையைத் தேய்த்துக்கொண்டே போய்த் தன் பையை எடுத்தாள். மேலாடையைக் கழற்றி நிதானமாக மடித்து வைத்தாள்.

"இந்தக் கையை வச்சுத்தான் எனக்குச் சோறு. இத்தனை நாளா இதை உங்ககிட்டக் குடுத்துட்டு நிம்மதியா இருந்தேன்" என்றாள். திட்டாமல் சொன்னாள், அதனால் கூடுதலாக உறைத்தது. அவள் படியிறங்கியதும் மற்றவர்களும் ஏதேதோ காரணம் சொல்லிக் கிளம்பினார்கள். ஒட்டகம் மட்டும் கொஞ்ச நேரம் நின்று, "நான் விட்டிருக்கணும் மாஸ்டர்" என்றான். "நீ என்ன பண்ணுவே, சொன்னது நான்" என்று அவனையும் அனுப்பிவைத்தாள்.

அப்போதே முடிவு செய்துவிட்டாள். பிடிக்கச் சொல்லிக்கொடுத்தால் ஒருத்தி கை போகிறது, விடாதே என்றால் இன்னொருத்தி கை போகப் பார்க்கிறது. போதும். கீழே போய் டயர் கடைக்காரரிடம் கூடத்தைக் காலி செய்வதாகச் சொன்னாள். "மேலே தொம்மு தொம்முன்னு சத்தம் இல்லாட்டி எனக்குக் கடை திறந்த மாதிரியே இருக்காதேம்மா" என்றார் அவர்.

ஞாயிற்றுக்கிழமை காலை, கிடங்கு விடுமுறை. தனியாக வந்து மெத்தைகளின் டேப்பைப் பிரிக்க உட்கார்ந்தாள். பழைய டேப், சுலபத்தில் வரவில்லை. நகத்தால் சுரண்டி ஒரு முனையைக் கிளப்பினால் பாதியில் கிழிந்தது. ஒட்டும்போது இவ்வளவு அழுத்தி ஒட்டியவள் யார் என்று தன்னையே திட்டிக்கொண்டாள். அப்போது படியில் காலடி கேட்டது. ஒவ்வொரு படிக்கும் ஒரு பெருமூச்சு. யாரென்று பார்க்கத் தேவையிருக்கவில்லை.

அண்ணி வாசலில் நின்று, ஒரு காலால் மறு காலின் செருப்பைத் தள்ளிக் கழற்றினாள். மாவுக்கட்டுக் கையைக் கழுத்தில் கட்டிய துணித்தொட்டிலில் தொங்கவிட்டபடியே மெத்தை ஓரத்தில் குனிந்து வணங்கினாள்.

"அண்ணனுக்குத் தெரியுமா?" என்றாள் மாஸ்டர்.

"டூட்டிக்குப் போயிருக்கார். இருந்திருந்தாலும் வந்திருப்பேன். ஒட்டகம் போன் பண்ணான். தட்டினா விடக் கூடாதுன்னு சட்டம் போட்டியாமே?" வணங்கிய பிறகும் அன்று அவள் வாயில் 'நீ'தான் வந்தது.

"போட்டேன். ஒரு நாள்தான். இப்ப எல்லாத்தையும் மூடிடலாம்னு இருக்கேன் அண்ணி."

"யாரைக் கேட்டு?"

மாஸ்டர் கையிலிருந்த டேப்பை உருட்டிக்கொண்டே பேசினாள். பல நாட்களாக மனசுக்குள் ஓட்டிப் பார்த்த பேச்சு, வாயில் வரும்போது துண்டு துண்டாக வந்தது. "என் தப்பு அண்ணி. போட்டிக்குச் சொல்லிக்குடுக்கறதையே உங்களுக்கும் சொல்லிக்குடுத்தேன். வெளியில ஒருத்தன் வந்தா பிடிச்சுக்கிட்டுப் படுக்கக் கூடாது. தள்ளணும், ஓடணும், அவ்வளவுதான். நீங்க பிடிக்கறது அழகா இருக்கேன்னு நான் பார்த்துக்கிட்டே இருந்துட்டேன். அண்ணன் கேட்டதுல தப்பே இல்ல."

"சரி. அப்ப தள்ளிட்டு ஓடறதைச் சொல்லிக்குடு. எனக்கு மூச்சு வாங்கும், பரவாயில்ல." அண்ணி மெல்ல மெத்தையில் உட்கார்ந்தாள். "அவனை விட்டதுக்காக உன்மேல கோபம், அதான் பேசலன்னு நினைச்சியா?"

"வேற என்ன நினைக்க?"

"உன்கிட்டப் பேசினா அழுதுடுவேன்னு பேசல." கழுத்துத் துணியை இழுத்துச் சரி செய்தாள். "போலீஸ்கிட்டயும் சொல்லல, உங்க அண்ணன்கிட்டயும் சொல்லல. அவன் என் கையை முறுக்கினான் இல்ல, அப்ப நானும் தட்டினேன்."

மாஸ்டரின் விரல்கள் நின்றுவிட்டன.

"தரையில. இந்தக் கையால. ரெண்டு தடவை. அவன் விடல. கேட்டிருக்காதோன்னு மறுபடியும் தட்டினேன், பலமா. அதுக்கப்புறம்தான் எலும்பு போச்சு. வலிகூட அப்புறம்தான் தெரிஞ்சுது. முதல்ல ஆச்சரியமாத்தான் இருந்துச்சு, நான்தான் தட்டிட்டேனே, இவன் ஏன் விடமாட்டேங்கறான்னு. சிரிக்காதே."

மாஸ்டர் சிரிக்கவில்லை.

"அன்னையிலேர்ந்து யார் தொட்டாலும் உடம்பு கல்லாயிடுது. உங்க அண்ணன் போர்வை போர்த்தி விட வந்தார், நான் கத்திட்டேன். விடுன்னா விடுவாரான்னு தோணுது. என் புள்ளைங்களுக்கு அப்பன் அவர். பாவம், பயந்துட்டார். கடைக்குப் போகணும், முடியல. இங்க வந்தா சரியாயிடும்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். கட்டுப் பிரிக்கட்டும்னு காத்துக்கிட்டிருந்தேன். அதுக்குள்ள இங்கயும் தட்டினா விடமாட்டாங்கன்னு ஒட்டகம் சொல்றான். தட்டினா விடற இடம்னு எனக்கு இருந்தது இது ஒண்ணுதான். இதையும் எடுத்துட்டா நான் எங்க போய்த் தட்டுவேன்?"

மாஸ்டருக்கு மன்னிப்புக் கேட்கத் தோன்றியது, ஆனால் அது போதாது என்றும் தெரிந்தது. கீழே யாரோ டயருக்குக் காற்றடிக்கும் சத்தம் வந்தது.

"பிடிங்க மாஸ்டர்" என்றாள் அண்ணி.

"கட்டோட வேண்டாம் அண்ணி."

"கட்டை ஓரமா வச்சுக்கலாம். பிடிங்க."

அண்ணி மல்லாந்து படுத்தாள். மாஸ்டர் தன் மேலாடையைக் கொண்டுவந்து நாலாக மடித்து, இடது பக்கம் விரித்து, மாவுக்கட்டுக் கையை அதன்மேல் எடுத்து வைத்தாள். வலது பக்கம் வந்து மண்டியிட்டாள். முழங்கால் சொடுக்கியது. அண்ணியின் கழுத்துக்கடியில் ஒரு கையைக் கொடுத்து, நெஞ்சுக்குக் குறுக்கே மெதுவாகச் சாய்ந்து எடையை இறக்கினாள். அண்ணியின் உடம்பு அவள் சொன்னபடியே இருந்தது. கல்.

சாய்ந்த மாத்திரத்தில் அண்ணி தட்டினாள். மாஸ்டர் விட்டாள்.

"மறுபடி."

மறுபடியும் பிடித்தாள், அண்ணி தட்டினாள், இவள் விட்டாள். ஒவ்வொரு முறை விட்டதும் அண்ணி கண்ணைத் திறந்து மேலே பார்ப்பாள், உண்மையாகவே விட்டாயிற்றா என்று பார்ப்பதுபோல. பிறகு தலையை ஆட்டுவாள். மாஸ்டரின் தோள் எரிந்தது. கிடங்கில் ஒரு வாரம் தூக்கியதெல்லாம் அந்தத் தோளில்தான் உட்கார்ந்திருந்தது. ஆனாலும் அவள் போதுமா என்று கேட்கவில்லை. கேட்டால் அண்ணி போதும் என்று சொல்லிவிடுவாள்.

கடைசியில் ஒருமுறை அண்ணி தட்டவில்லை. மாஸ்டர் காத்திருந்தாள். அடியில் இருந்த உடம்பு நடுங்க ஆரம்பித்தது. வயிற்றிலிருந்து கிளம்பிய நடுக்கம் தோள்வரை ஏறியது. அண்ணி வாயைத் திறந்து அழுதாள், குழந்தைகள் அழுவதுபோல, வெட்கமில்லாமல். மாஸ்டர் எடையைக் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. அவள் கன்னம் அண்ணியின் தோளில் பட்டிருந்தது, அந்தத் தோள் மெல்ல மெல்ல இளகுவது கன்னத்துக்குத் தெரிந்தது. அவளும் அழுதாள். எவ்வளவு நேரமென்று இருவருக்கும் தெரியாது.

அப்புறம் அண்ணியின் உள்ளங்கை அவள் முதுகில் மெதுவாக விழுந்தது. மாஸ்டர் உடனே கையை எடுத்துக்கொண்டு விலகி உட்கார்ந்தாள்.

அண்ணி மூக்கை உறிஞ்சிக்கொண்டு அவளைப் பார்த்தாள். "ரெண்டாவது இன்னும் தட்டலையே, மாஸ்டர்."

"ஒண்ணே போதும் அண்ணி" என்றாள் அவள்.